படிவும் வினையும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் 1834ஆம் ஆண்டு பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்ததும், 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படுவதுமான புத்தகுப்தன் கல்வெட்டு, இன்று கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செம்மண் என்று பொருள்படும் இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாலுமியின் அக்கல்லில், தூபி உருவத்துடன், அறியாமையால் வினை குவிகிறது என்றும் அறிவு வந்தபின் அது செய்யப்படுவதில்லை என்றும் கருத்துடைய வடமொழிச் செய்யுள் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. குவித்த உயிராலேயே அக்குவியலைக் கடக்க இயலுமா என்னும் வினாவுக்கு ஆறுகள் நல்ல உவமையாகின்றன.

ஓட்டத்தின் விரைவு குன்றுமிடத்தில் ஆறு சுமந்து வந்த பொருள் தங்கிவிடுவதே படிவு ஆகும். தண்ணீர்மலை அருவியோடை ஆயர் ஈத்தாம் ஓடையுடன் கூடிச் சுங்கை பினாங்கு ஆகி ஜார்ஜ் டவுனின் தென்புறத்தே கடலை அடையும் வழியில், கருங்கல் மலையின் பரல்கள் அடிவாரத்திலும், மணல் படுகையிலும், மென்வண்டல் வெள்ளம் பரவும் சமவெளியிலும் சலித்து வைத்தாற்போல் தங்குகின்றன. மழையும் காடும் மிகுந்த அம்மண்ணில் பழைய படிவுகள் மறைந்துபோக, கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யன் போன்ற வறண்ட பள்ளத்தாக்குகளில் அவை வெளிப்படக் கிடக்கின்றன. ஆறு தான் பரப்பிய தளத்தைத் தானே அறுத்துக் கீழிறங்கும்போது பழைய தளம் ஓரத்தில் படிபோல் உயர்ந்து நிற்பது ஆற்றுப்படிமேடை எனப்படும். வண்டலை அறுத்து அமைவது நிரப்புமேடை, அடிப்பாறையையே அறுத்து மெல்லிய பரற்போர்வையுடன் நிற்பது பாறைமேடை.

முன்பே ஈட்டிக் கிடப்பதைச் சஞ்சிதம் என்றும், அதிலிருந்து இப்பிறவியின் நுகர்வுக்கு வருவதைப் பிராரத்தம் என்றும், நுகரும்போதே புதிதாய் ஏறுவதை ஆகாமியம் என்றும் சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது. மேடையாய்க் கிடக்கும் வண்டல், அதன் கரை அரிந்து நீரில் கலக்கும் மணல், அடுத்த வளைவில் புதிதாய்ப் படியும் மணல் ஆகிய மூன்றும் ஒரே ஆற்றில் ஒரே வேளையில் காணப்படுகின்றன. வந்து சேர்ந்த வினையாகிய கன்மம் வண்டல் என்றால், செம்பில் களிம்புபோல் உயிரோடு உடனாயிருக்கும் ஆணவம் அடிப்பாறை எனலாம்.

படியவைத்த நீரே அறுக்கவும் செய்கிறது. ஆயினும் மழையளவு மாறுவது, நிலம் உயர்வது, கடல்மட்டம் தாழ்வது போன்ற புறக்காரணம் ஒன்று நேர்ந்தாலன்றி அது பெரும்பாலும் அறுக்கத் தொடங்குவதில்லை. முயற்சி உயிரினுடையது, அதைத் திருப்பிவிடுவது அருள் என்று சித்தாந்தம் கூறுவதும் இதனை ஒத்ததே.

1963இல் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனுக்கு மேலுள்ள கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டு மேலிருந்து மணல் வருவது நின்றபோது, தெளிந்த நீர் கீழேயிருந்த மணற்றிட்டுகளைக் கரைக்கலாயிற்று. புதுவினை ஏறாமல் தடுப்பதன் பயனைக் கல்வெட்டு கூறியவாறே அது காட்டுகிறது. ஆனால் உயர்ந்த மேடைகளை அந்நீர் கரைக்கவில்லை; ஆறு அவற்றைவிட்டு இறங்கிவிட்டதால் எந்த வெள்ளமும் அங்கே ஏறுவதில்லை. வறுத்த வித்து கையில் இருந்தும் முளைக்காதது போல, கடக்கப்பட்ட வினையும் கண்முன் கிடந்தபடியே பயனற்றுப் போகிறது.