பொறியும் விறகும்

ஜீவாத்மாக்கள் பரம்பொருளிலிருந்து தோன்றும் விதத்தை விளக்கப் புகுந்த முண்டக உபநிஷத்து, எரிகின்ற அக்கினியிலிருந்து பறக்கும் பொறிகளைத் திருஷ்டாந்தமாகக் காட்டுகிறது. பிருகதாரண்யகத்திலும் அதே உவமை வருகிறது. எங்கள் மதுரை கே.கே. நகர்ப் பக்கத்துப் பிரசங்கங்களில் அதைக் கேட்டுத் தலையசைக்காதவர் இல்லை. துக்க வீடுகளில்கூட, பொறி தன் மூல நெருப்போடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலைச் சரிவில், மலையேற்றம் போயிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. காய்ந்த புல் மண்டிய சரிவில், மனிதன் ஓடுவதைக் காட்டிலும் விரைவாக மேல்நோக்கி ஏறிய அத்தீக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். தீக்காயத்தோடு தப்பியவர்களில் பலரைத் தேனியிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் பேட்டைக்கு அதிக தூரமில்லாத அந்த மருத்துவமனையின் வாசலில் உறவினர்கள் கூடி நின்ற அந்த வாரத்தில் அதே உவமை ஆறுதலாக என் காதில் விழுந்தபோது, மனம் அதற்கு இசையவில்லை. பொறி எந்த நெருப்புக்குத் திரும்பிப் போகிறது?

காட்டுத்தீயில் பொறி பிறக்கும் முறையைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். மரம் சூடேறும்போது முதலில் ஈரம் ஆவியாகிறது. மேலும் சூடேற, கட்டையின் சத்தே சிதைந்து எரியக்கூடிய வாயுக்களாக வெளிப்படுகிறது. நாம் சுவாலை என்று காண்பது பெரும்பாலும் அந்த வாயுக்கள் எரிவதைத்தான். அவை தீர்ந்தபின் எஞ்சும் கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிச் சுவாலையின்றிக் கனன்று, உள்ளிருந்தே இளைத்துக்கொண்டு வருகிறது. இவ்வாறு இளைத்த சுள்ளி தன் பாரத்தையே தாங்காத நிலையை அடையும்போது, காற்று அதை ஒடித்தெடுக்க, மேலெழும்பும் வெப்பக்காற்று அதனைத் தூக்கிச் செல்கிறது. தட்டையும் இலேசுமான பட்டைத் துண்டுகளே வெகுதூரம் போகும். 2009 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தை எரித்த தீயில், யூகலிப்டஸ் மரங்களின் உரிந்த பட்டைகள் 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் புதுத் தீயை மூட்டின. கோடைக்கு முன்பே வனத்துறையினர் வெட்டிவைக்கும் தீத்தடுப்புக் கோட்டைத் தரையில் ஊர்ந்து வரும் நெருப்பு தாண்டமாட்டாமல் நின்றாலும், மேலே பறக்கும் கங்கு தாண்டிவிடுகிறது.

வண்டியூர்க் கண்மாய்ப் பக்கத்துக் காலி மனைகளில் தென்னை மட்டைகளையும் பன்னாடையையும் குவித்துக் கொளுத்துவார்கள். பன்னாடைத் துணுக்கொன்று ஓரம் சிவக்க மேலே போய், அணைந்து, திண்ணையில் கருப்பாக வந்து விழும். தொட்டால் உதிர்ந்துவிடும் அந்தக் கரியிலும் குறுக்கும் நெடுக்குமான இழைப்பின்னல் அப்படியே தெரியும். ஆகவே பொறி என்பது நெருப்பின் துண்டன்று; நெருப்புப் பற்றிய மரத்தின் துண்டு.

உபநிஷத்தைப் பிழைகாண இதைச் சொல்லவில்லை. அவயவமற்ற பிரம்மத்துக்குத் துண்டு ஏது என்பதை நன்குணர்ந்த சங்கரர், பிரம்மசூத்திர பாஷ்யத்தில், ஜீவன் அம்சம்போலத்தானே ஒழிய மெய்யாகவே அம்சமன்று என்று காத்துக்கொண்டார். எனினும் பன்னாடைக் கரியைக் கையில் வைத்துப் பார்க்கும்போது, இறைவனாகிய பதியும் ஆன்மாவாகிய பசுவும் தளையாகிய பாசமும் மூன்றுமே அநாதி, பசு பதியினின்று உடைந்த சில்லன்று, தான் சார்ந்ததன் தன்மையைத் தானும் அடைவது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தமே கண்ணுக்கு நெருக்கமாக நிற்கிறது. இருளைச் சார்ந்தவரை கட்டை, தீயைச் சார்ந்தபின் தணல். ஒளி தன்னுடையதல்ல, உருவம் மட்டும் தன்னுடையது. அப்பரும் இறைவனை விறகுக்குள் மறைந்திருக்கும் தீயாகக் கண்டாரே ஒழிய, விறகையே தீ என்றாரில்லை.

இந்த உவமையும் ஓரிடத்தில் நொண்டத்தான் செய்கிறது. கரி தீர்ந்தால் கங்கும் தீர்ந்துபோகும். சித்தாந்தத்தின் ஆன்மாவோ தீர்வதில்லை. ஆயினும் மாண்டவர் மூலத்தில் கரைந்துபோய்விட்டார் என்று கூறாமல், இன்னாராகவே இருக்கிறார் என்று கூற இடம்தருகிற தத்துவம் துக்கப்படுகிறவனுக்குச் சற்று உண்மையாக இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. தாய் தேடுவது பரம்பொருளின் பகுதியை அல்ல, தன் மகளைத்தான். ஆனால் அதே சித்தாந்தம் வினைப்பயன் என்ற கணக்கையும் கூடவே எடுத்து வருகிறது. மலையேறப் போன இளம்பிள்ளைகளின் எந்த வினை அன்று பழுத்தது என்று கேட்டால், ஆன்மாவைப் பிணித்த மலம் அநாதி என்பதற்கு மேல் சாஸ்திரம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தர்க்கத்தில் அந்த விடை நிற்கும். மருத்துவமனை வாசலில் நிற்பவரிடம் அதைக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை.