புல்வெளித் தீயும் பூச்சிகளின் உயிரும்

மழைக்குப் பின் இளம்புல் தழைக்கட்டும் என்று காய்ந்த புல்லைக் கொளுத்துவது மேய்ச்சல்காரர்களின் பழைய வழக்கம். அந்தத் தீயில் சாகும் பூச்சிகளுக்கு யார் பொறுப்பு என்பது அறநூல்களின் கேள்வி. செங்கல்பட்டுச் சீமையின் ஏரி உள்வாய்களுக்கும் மேய்க்கால் புறம்போக்குகளுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

தீ எல்லாப் பூச்சியையும் ஒன்றுபோல் தொடுவதில்லை. புல் எரியும் வெப்பம் மண்ணுக்குள் ஆழமாக இறங்காது. ஆகவே புற்றிலுள்ள கறையானும் வளையிலுள்ள எறும்பும் பெரும்பாலும் பிழைக்கும். சிறகு முளைத்த வெட்டுக்கிளி பறந்துவிடும், முளைக்காத குஞ்சு கருகும். புல்தாளில் ஒட்டிய முட்டைக்கும், இலையைச் சுருட்டி உள்ளே கிடக்கும் பட்டாம்பூச்சிப் புழுவுக்கும் தப்ப வழியே இல்லை. பறந்து தப்பியதையும் தீயோரம் காத்திருக்கும் கரிச்சான் கவ்விக்கொள்ளும்.

மேய்ச்சலின் கொலை இப்படிக் கண்ணில் படாது. அளவான மேய்ச்சல் புல்லை ஓரிடத்தில் உயரமாகவும் ஓரிடத்தில் கட்டையாகவும் விடுவதால் பலவகைப் பூச்சிக்கு இடம் கிடைக்கிறது. சாணத்தை நம்பியே வாழும் வண்டுகளும் உண்டு. ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தில் அவ்வண்டுகளின் புழுக்கள் செத்துப்போகின்றன. நிலம் மொட்டையாகும்வரை மேய்த்தால் புல்லை உண்ணும் புழுக்களுக்கு இரையில்லை. தீயும் மேய்ச்சலும் அறவே நின்றாலோ, பல இடங்களில் முட்புதர் ஏறிப் புல்லை மூடிவிடும். கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் பழியற்றதல்ல.

சமணம் தீக்கே உயிருண்டு என்கிறது. அதன் துறவி தீயை மூட்டவும் கூடாது, அணைக்கவும் கூடாது. பௌத்த விநயம் காட்டுக்குத் தீ வைப்பதைத் தடுத்தாலும், காட்டுத்தீ நெருங்கும்போது உறைவிடத்தைக் காக்க எதிர்த்தீ வைக்கத் துறவிக்கு இடம் தருகிறது. கறையானையும் எறும்பையும் மூவறிவுயிர் என்று வகுத்த தொல்காப்பிய மரபியலில் பூச்சி வெறும் துரும்பல்ல. மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தின் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில் கண்ணன் மலையைத் தாங்கி மந்தையைக் காக்கிறான். அதன் கீழே ஆயன் பால் கறக்க, பசு கன்றை நக்குகிறது. காண்டவ வனம் எரிந்தபோது தப்பியோடிய உயிர்களை அருச்சுனனோடு சேர்ந்து மறித்தவனும் அதே கண்ணன்தான். மரபு இரண்டையும் மறைக்கவில்லை.

சூழலியல் இனங்களை எண்ணுகிறது, அகிம்சை உயிர்களை எண்ணுகிறது. இனம் பிழைத்தது என்பது எரிந்த புழுவுக்கு ஈடாகாது. ஆனால் இல்லறத்தாருக்குச் சமணம் வகுத்த அறத்தில், வேண்டுமென்றே செய்யும் கொலை வேறு, தொழிலில் நேரும் கொலை வேறு. பின்னதையும் இயன்றவரை குறைத்தாக வேண்டும். நிலம் முழுவதையும் ஒரே நாளில் கொளுத்துபவர் அந்தக் கடமையைத் தவறவிடுகிறார். துண்டு துண்டாக, ஆண்டுக்கொரு பகுதியாக எரித்தால், எரியாத புல்லிலிருந்து பூச்சிகள் திரும்பிவர முடியும்.