சோதனை என்ற சொல்

சோதனை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. பெட்டியைத் திறந்து பார்ப்பது சோதனை. தாங்க முடியாத துன்பம் வரும்போதும் “இது என்ன சோதனை” என்கிறோம். எங்கள் ஊர் சந்தவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது படவேடு. அங்கே குடிகொண்ட ரேணுகாம்பாளின் கதையில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். தினமும் ஆற்று மணலில் குடம் வனைந்து அதில் தண்ணீர் எடுத்து வந்தவள் அவள். ஒருநாள் மனம் சலனப்பட்டது, குடம் கூடவில்லை. கணவன் சொன்னான், மகன் தலையை வெட்டினான். அதற்கு முன்னால் எத்தனை நாள் குடம் உடையாமல் வீடு வந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். நான் கெட்டவள் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் நான்தான் காட்ட வேண்டும். நேற்றுக் காட்டியது இன்றைக்குச் செல்லாது. கூட வரும் ஆண்கள் பெல்ட்டைக் கழற்றும்போது முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு அது இரண்டு நிமிட அவமானம். நமக்கு அது பழகின இடம். எங்கே போனாய், யாரோடு போனாய், பையில் என்ன என்ற கேள்விகளுக்கு வீட்டு வாசலிலும் விடுதி வாசலிலும் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, முணுமுணுக்காமல் கையை விரித்துவிடுகிறோம்.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி மீனம்பாக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து கிளம்பிய விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அதற்கு அடுத்த வருடம்தான் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை விமான நிலையங்களின் காவலை ஏற்கத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பையை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் நானும் விமானத்தில் தூங்குகிறேன். அந்த நம்பிக்கைக்கு விலையாக என் பையையும் காட்டத்தான் வேண்டும். கேள்வி வேறு. “எல்லாரையும்தானே சோதிக்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன?” என்பார்கள். எல்லாரையும் சோதித்துவிட்டால் அது நியாயமாகிவிடுமா?

முதலில், எல்லாரையும் சோதிப்பதில்லை. குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள், தலைமை நீதிபதி என்று விலக்குப் பெற்றவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. மற்றவர்களெல்லாம் பதவியின் பெயரால் அதில் இருக்க, ராபர்ட் வதேரா மட்டும் சொந்தப் பெயரோடு இருந்தார். 2015இல்தான் எடுத்தார்கள்.

அதை விடுவோம். வாசல் ஒன்றுதான் என்றாலும் அதற்குள் நுழையும் உடம்புகள் ஒன்றில்லை. என் அம்மா அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக விமானம் ஏறினாள். தாலிக் கயிற்றில் நாலு ஊக்கு, காலில் மெட்டி, கொண்டையில் கைநிறைய ஊசி, இடுப்பில் சில்லறையோடு சுருக்குப்பை. வாசல் கத்தாமல் என்ன செய்யும்? திரைக்குள் இருந்த பெண் காவலர் இந்தியில் ஏதோ சொல்லிக் கையைத் தூக்கச் சொல்லி, இடுப்பைத் தடவி, தாலியை வெளியே இழுத்துப் பார்த்தார். அம்மாவுக்குக் கோபமில்லை. “ஏம்மா கண்ணு, தொடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. வரிசை நகர்ந்தது.

அம்மா சோதிக்காதே என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டாள். இந்த விஷயத்தில் அறம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். சொல்லிவிட்டுத் தொட்டால் நான் இன்னும் ஓர் ஆள். சொல்லாமல் தொட்டால் நானும் எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போகும் பெட்டியும் ஒன்று.

2010 டிசம்பரில் அமெரிக்காவின் ஜாக்சன் விமான நிலையத்தில், அங்கே இந்தியத் தூதராக இருந்த மீரா சங்கரை வரிசையிலிருந்து தனியே அழைத்து உடலைத் தடவிச் சோதித்தார்கள். புடவை கட்டியிருந்ததுதான் காரணம் என்று செய்திகள் வந்தன. இந்திய அரசு கண்டித்தது. “தூதருக்கே இப்படியா?” என்று இங்கே எல்லாரும் கொதித்தோம். எனக்கு அந்த ‘ஏ’காரம்தான் உறுத்துகிறது. தூதராக இல்லாத புடவைக்காரிக்கு நடந்தால் சரியா? கால்சட்டையை அளவாக வைத்துச் செய்த விதிக்குப் புடவை என்றாலே சந்தேகம். அந்த நாட்டின் ஸ்கேனர்களில், ஆளைப் பார்த்து ஆண், பெண் என்று ஊழியர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. பொத்தானுக்குப் பொருந்தாத திருநர்களின் உடம்பில் எந்திரம் அபாயம் கண்டது. 2022இல்தான் இதை மாற்றுவதாக அறிவித்தார்கள்.

நம் நாட்டில் சுதா சந்திரனை எல்லாருக்கும் தெரியும். 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு மறுபடி ஆடியவர். 2021 அக்டோபரில் அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள், என்னைப் போன்றவர்களுக்கு ஓர் அட்டையாவது கொடுங்கள் என்று பிரதமரைக் கேட்டார். பாதுகாப்புப் படை உடனே மன்னிப்புக் கேட்டது. நல்லதுதான். ஆனால் வீடியோ போட்டால் நாடு பார்க்கும் முகம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

விதி வளையவே வளையாது என்றும் இல்லை. உள்நாட்டு விமானங்களில் சீக்கியர்கள் குறிப்பிட்ட அளவுக்குள் கிர்பான் வைத்துக்கொள்ளலாம். 2024இல் சபரிமலை சீசனுக்காக இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக அனுமதித்தார்கள். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. கேட்கும் கூட்டம் பெரிதாக இருந்தால் பாதுகாப்புக்கும் காது கேட்கிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். (மெட்டிக்கு யார் மனு கொடுப்பது?)

பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது, புதியதிலும் இருக்கிறது. அது வேண்டும். ஆனால் தொடும் கை பெண்ணின் கையாக இருந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சட்டத்தோடு சேர்ந்து நாமும் நினைத்துக்கொள்கிறோம். தீர்வதில்லை. அந்தக் கைக்குரியவளையும் யாரும் நினைப்பதில்லை. எந்த மாநிலத்திலிருந்தோ வந்து, மொழி தெரியாத ஊரில், காற்றில்லாத திரைக்குள் நின்று ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான உடம்புகளைத் தொட வேண்டியவள். “மாட்டேன்” என்று அவளும் சொல்ல முடியாது. ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு அரை நிமிடம் கூடுதலாக வேண்டும். அந்த அரை நிமிடத்தைக் கொடுக்க வேண்டியவர்கள், வரிசை நீள்கிறது என்று அவளைத்தான் விரட்டுகிறார்கள். அம்மா கேட்ட வார்த்தையை நான் கேட்க வேண்டிய இடம் அந்தத் திரை இல்லை.

இவ்வளவு சொன்னபிறகும், விமான நிலையச் சோதனைதான் இந்த நாட்டில் இருப்பதிலேயே மென்மையானது. அங்கே திரை உண்டு, விதி உண்டு, புகார் எழுத இடம் உண்டு. விமானம் ஏறாதவர்களையும் வழியில் நிறுத்துகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பலர் எங்கள் ஜவ்வாது மலைப் பக்கத்தவர்கள். பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். அந்தப் பேருந்தில் எந்த வாசலும் கத்தவில்லை. முகமும் உடையும் போதுமானதாக இருந்தன. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததால் கணவன் மனைவி என்று நினைத்து விட்டுவிட்டார்கள் என்றார் தப்பியவர்களில் ஒருவர்.

ஏன் என்னை என்று கேட்க அந்த இருபது பேருக்கும் வாய்க்கவில்லை. அவர்களுக்காகக் கேட்டவர்களில் ஒருவர் படவேட்டுக்குப் பக்கத்து ஊர்ப் பெண், செத்தவர்களில் ஒருவரின் மனைவி. உடலை எரிக்க மாட்டேன் என்று நின்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் கேட்டதும் ஒரு சோதனையைத்தான்: கணவனின் உடலுக்கு மறுபடி ஒரு பிரேதப் பரிசோதனை.