காரீயமும் கைத்தொழில் அறமும்

தகாத வணிகம் ஐந்தனுள் நஞ்சு விற்றலையும் ஒன்றாகப் பகவான் புத்தர் விலக்கினார். அங்ஙனமாயின், வயிற்றுப்பாட்டிற்காகக் காரீயப் பற்றாசைக் கையாளும் தொழிலாளி நெறி தவறினவனோ? காட்கோபரில் வானொலியும் கைப்பேசியும் பழுது பார்த்துப் பிழைப்போர் உளர். இவ்வினா நமக்கு அயலானதன்று.

பழைய பற்றாசில் நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 பாகை செல்சியசில் உருகும். வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்ந்த காரீயமற்ற பற்றாசு உருக 217 பாகை வேண்டும், விலையும் மிகுதி. புதிய கருவிகளில் காரீயத்தை, சில விலக்குகள் நீங்கலாக, 0.1 விழுக்காட்டிற்குள் அடக்க ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் ஆணையிட்டது. நம் நாட்டின் 2011-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளும் அவ்வரம்பையே வகுத்தன.

சட்டம் பண்டத்தை நோக்குகிறது. தம்மமோ பண்டம் செய்யும் மனிதனையும் நோக்குகிறது. பற்றவைக்கும் சூட்டில் காரீயம் பெரிதும் ஆவியாவதில்லை. விரலில் ஒட்டி, உணவோடு வாய்க்குள் புகுகிறது. உடையோடு வீடு சேர்ந்து குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. கண்ணெரிக்கும் புகையோ பைன் மரப் பிசினுடையது. ஆஸ்துமாவை விளைவிக்க வல்லது. காரீயமற்ற பற்றாசிலும் அப்புகை உண்டு. ஆகவே, ஒரு நஞ்சை நீக்கியதனாலேயே தொழில் தூயதாகிவிடாது.

எண்ணமே வினை என்பது பகவான் போதனை. வேறு வழியின்றித் தொட்டவன்மேல் பழியில்லை. கேடறிந்தும் மலிவை நாடி, காற்றுக்கு வழி வையாத முதலாளியையே அப்பழி சாரும். அறிந்த தொழிலாளிக்கும் ஒரு கடன் உண்டு: கை கழுவி, உடை மாற்றிய பின்னரே உண்ணுக, குழந்தையை எடுக்குக. நல்வாழ்க்கைத் தொழில் என்பது இத்தகைய சிறு கவனத்தில் தொடங்குகிறது.