ஓவடோனாவின் ஊதாரிச் சன்னல்

வங்கிக் கட்டடம் என்றாலே தடித்த தூண், உயரமான படி, இரும்புக் கதவு. பணம் பத்திரம் என்று காட்டுவதற்காக ஆளை மிரட்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஓவடோனா என்ற விவசாய ஊரின் வங்கித் துணைத் தலைவர் கார்ல் பென்னட்டுக்கு அந்த மிரட்டல் பிடிக்கவில்லை. ஹார்வர்டில் படித்த இசைப்பித்தர் அவர். கட்டடக் கலைஞர் லூயி சல்லிவனின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அவரையே தேடிப் பிடித்தார். சல்லிவனின் பெரிய நாட்கள் அப்போது முடிந்திருந்தன. வேலை வருவதே அபூர்வம்.

1908-இல் கட்டடம் எழுந்தது. சிவப்பு மணற்கல் அடித்தளத்தின் மேல் செங்கல் சதுரம். தெருவைப் பார்த்த இரு சுவர்களிலும் பிரம்மாண்டமான வளைவுச் சன்னல்கள், வண்ணக் கண்ணாடியில். உள்ளே பச்சையும் பொன்னுமாக வெளிச்சம். சுவரோவியத்தில் பசுமாடுகள். குடியானவர்கள் உட்கார்ந்து பேசத் தனி அறை. நுணுக்க அலங்காரத்தில் பெரும்பகுதி உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் கைவேலை. பேர் வாங்கியது முதலாளி. எந்த ஊரிலும் இதுதானே நடக்கிறது!

முதல் உலகப் போருக்குப் பின் விளைச்சலுக்கு விலையில்லை, நிலமும் விலை இறங்கியது. கிராமப்புற வங்கிகள் வரிசையாகச் சாய்ந்தன. 1924-இல் சல்லிவன் சிகாகோவில் வறுமையில் இறந்தார். 1926-இல் பென்னட்டின் வங்கியும் நொடித்தது.

வீடு கட்டும் எஸ்டிமேட்டில் பணம் இடிக்கும்போது முதலில் அடிபடுவது அழகுதான். சிமென்டைக் குறைக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. நானும் அந்தக் கட்சிக்காரன்தான். ஓவடோனாதான் என்னைக் குழப்புகிறது. அந்தக் காலத்து விவேகிகள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய முதலீடு நிலம். ஊதாரித்தனம் என்று சொல்லத்தக்கது சன்னல். நிலத்தின் விலை வங்கிகளைக் கவிழ்த்தது, சன்னல் நின்றது. பின்னால் வந்த வங்கிகள் அதே கூரையின் கீழ் தொழில் நடத்தின. 1940-களில் புதுப்பிக்கிறோம் என்று உள்ளே கைவைத்து, பழைய காசாளர் கூண்டுகளைக் கழற்றினார்கள். 1981-இல் அரசாங்கம் கட்டடத்தைத் தபால்தலையில் அச்சிட்டது.

பென்னட் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 1926-இல் என் சேமிப்பும் அங்கே கிடந்திருந்தால், அந்தக் கண்ணாடிக்கு என்ன செலவாயிற்று என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.