கும்பமும் கூடத்து ஜாடியும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் அதற்குத் தெற்கேயுள்ள ஈப்போவிலும், வீட்டுக் கூடத்தைப் பழம்பொருள்களால் அழகுபடுத்த விரும்புவோர்க்கு வாய்ப்பவை ஓரினப் பொருள்கள் அல்ல. கோலகங்சாரை அடுத்த சாயோங் கிராமத்தில் களிமண்ணால் வனைந்து மெருகேற்றி, சுட்ட சூட்டோடு உமிக்குள் புதைத்துக் கருமையாக்கப்படும் ‘லாபு’ என்னும் சுரைக்காய் வடிவ நீர்க்குடுவை, சீனர் காப்பிக்கடைகளிலிருந்து வந்த பளிங்குப் பலகை மேசை, முன்னோர் பீடமாக இருந்த செதுக்குவேலை மேசை, அதன்மேல் இணையாக நின்ற பூச்சாடிகள், தோட்டக் கோயிலில் எரிந்த பித்தளை விளக்கு ஆகிய யாவும் ஒரே சுவரோரம் வந்து சேரக்கூடியவை. முதலிரண்டும் புழங்குபொருள்கள், மற்றவை வழிபாட்டுக்கு உரியவையாக இருந்தவை. வழிபாட்டுப் பொருள் வழிபட்டோரைப் பிரிந்து காட்சிப்பொருளாகும்போது அதன் புனிதம் என்னவாகிறது என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி.

இவ்வட்டாரத்தில் இக்கேள்வி வரலாற்றின் கனத்தோடு எழுகிறது. மலாயா விடுதலையடைந்த காலத்தையொட்டி ஐரோப்பியர் வசமிருந்த ரப்பர்ப் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், அத்தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி அவர்களே தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் பிடித்தபோது தொழிலாளர் குடியிருந்த மேலும் பல லயங்கள் காலியாயின. ஒரு தோட்டத்து மக்கள் திசைக்கொருவராகக் கலைந்த பின், அவர்கள் கூடிக் கும்பிட்ட கோயிலின் மணியும் வேலும் விளக்கும் யாருடைய பொறுப்பில் நிற்கின்றன என்பதற்கு எளிய விடை இல்லை.

பொருளின் புனிதம் பற்றிய கேள்வியைச் சைவ ஆகமங்கள் தெளிவாக அணுகுகின்றன. மனிதர் வடித்த கல்லிலும் உலோகத்திலும் இறைவன் தானாகவே உறைவதாக அவை கொள்வதில்லை. ஆவாகனம் என்னும் அழைப்புச் சடங்கால் எழுந்தருளச் செய்கின்றன, விசர்ஜனம் என்னும் விடைதரு சடங்கால் வழியனுப்புகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் கருவி கும்பம். மண்குடமோ செப்புக்குடமோ உடலாகவும், சுற்றிய நூல் நாடியாகவும், நிரப்பிய நீர் குருதியாகவும், மேலே வைத்த தேங்காய் தலையாகவும் பாவிக்கப்படுகின்றன. பழுதுற்ற திருமேனியைச் சீர்செய்யும் ஜீர்ணோத்தாரணம் என்னும் திருப்பணியின்போது, மூர்த்தியின் ஆற்றல் கலாகர்ஷணம் என்ற சடங்கால் இக்கும்பத்துக்கு மாற்றப்பட்டு, பாலாலயம் எனப்படும் தற்காலிக ஆலயத்தில் வழிபடப்பட்டு, குடமுழுக்கின்போது மீண்டும் மூர்த்தியிடம் சேர்க்கப்படுகிறது. சடங்கு முடிந்தபின் குடம் வெறும் குடமே. அதை அடுக்களையில் புழங்கினாலும் இழுக்கில்லை. இறைவனையே தாங்கிய பாத்திரம் மறுநாள் தண்ணீர்ப் பாத்திரமாகலாம் என்னும் இத்துணிவு வியக்கத்தக்கது. ஆயினும் அது முறையாக விடைகொடுத்த பின்னரே செல்லும். விடை கொடுக்கப்படாத பொருளைக் கைமாற்றியவர் விலை பெற்றிருக்கலாம், அதன் மீதான கடமை தீர்ந்துவிடவில்லை.

சீன மரபும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. இல்லத்துப் பீடத்தை இடம் மாற்றுமுன் பிறைவடிவ மரக்கட்டைகள் இரண்டை வீழ்த்தித் தெய்வத்தின் சம்மதம் கேட்பதும், திருவுருவத்தை அகற்றுமுன் தெய்வத்தை வழியனுப்பும் சடங்கு செய்வதும் அங்கும் உண்டு. அத்தகைய பீடம் தொலைக்காட்சி வைக்கும் மேசையாக மாறுவதற்குமுன், அது யார் வீட்டிலிருந்து எவ்வாறு வந்தது என்று கேட்பது வாங்குபவரின் கடமை.

வழிபாட்டுப் பொருள் மீதான கடமையைச் சட்டமும் ஏற்றதுண்டு. அக்காலத்தில் மலாயா வழக்குகளுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாயிருந்த லண்டன் பிரிவி கவுன்சில், கல்கத்தாக் குடும்பமொன்றின் குலதெய்வ மூர்த்தி பற்றிய வழக்கில் 1925இல், அம்மூர்த்தி சட்டத்தின் முன் ஓர் ஆள் என்றும், எங்கு உறைவது என்பதில் அதன் விருப்பம் மதிக்கப்பட வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. தஞ்சைப் பகுதியின் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு லண்டனுக்குக் கடத்தப்பட்ட நடராசரின் வழக்கில், நெடுங்காலம் பாழடைந்து கிடந்த கோயிலின் உரிமையையே 1988இல் ஆங்கிலேய நீதிமன்றம் நிலைநாட்டியது. மூர்த்தி 1991இல் தமிழகம் திரும்பினார். பூசை நின்றதனால் உரிமை அற்றுப்போவதில்லை என்பதை இவ்வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

இவை அனைத்தும் சடங்கால் புனிதமானவற்றைப் பற்றியன. தோட்டத்து மக்களின் ஆயுத பூசையோ வேறொரு வழியைக் காட்டுகிறது. பால்வெட்டும் கத்தியையும் பாலேந்தும் மங்கு என்னும் கிண்ணத்தையும் வாளியையும் கழுவிச் சந்தனம் குங்குமம் இட்டு வணங்கும்போது, அவை உழைப்பினால் வணங்கத்தக்கவையாயின. அன்று ஓய்வு கொடுத்த கருவியைப் பூசை முடிந்ததும் மீண்டும் கையிலெடுப்பதே அவ்வழிபாட்டின் நிறைவு. இந்நெறியில் நோக்கினால் புனிதத்தின் உறைவிடம் புழக்கம். சுவரில் மாட்டிய கத்திக்கும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த மங்குக்கும் கிடைப்பது முடிவில்லாத ஓய்வு மட்டுமே.

அவ்வாறாயின் அலங்காரம் என்பதே இழிவோ எனின், ஜப்பானின் ‘சிகுசா’ என்னும் ஜாடி அதனை மறுக்கிறது. தென்சீனத்தில் 13 அல்லது 14ஆம் நூற்றாண்டில் சரக்கு வைப்பதற்காகத் திரளாக வனையப்பட்ட ஜாடிகளுள் ஒன்று ஜப்பானை அடைந்து, தேநீர் விருந்தைத் தவமாகப் பயின்றோர் கையில் தேயிலை ஜாடியாகிப் பெயர் பெற்றது. 16ஆம் நூற்றாண்டின் தேநீர்க் குறிப்பேடுகளில் அதன் மேனியின் மெருகும் வடுவும் வியந்து எழுதப்பட்டன. பட்டு வலையும் சரிகைத் துணி மூடியும் அதற்கு அணியாயின. 2009 முதல் அது வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்துக்கு உரியது. எவ்வினைஞன் வனைந்தான் என்றே அறியப்படாத ஒரு சரக்கு ஜாடியை அரும்பொருளாக உயர்த்தியது தலைமுறைகள் செலுத்திய கவனம். அக்கவனமும் தேயிலையைக் காக்கும் அதன் வேலையோடு சேர்ந்தே வளர்ந்தது.

ஆகவே சுங்கை சிப்புட்டின் கூடமொன்றில் சாயோங் லாபு நீர் ஏந்தி நிற்குமாயின், காப்பிக்கடை மேசையில் பிள்ளைகள் எழுதுவார்களாயின், அங்கே தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. சீனப் பூச்சாடி, வழியனுப்பும் சடங்கு முடிந்து வந்ததெனின், பூவைத் தாங்கட்டும். தோட்டக் கோயிலின் விளக்கு அவ்வாறன்று: ஏற்றும் வீட்டில் அது விளக்காகவே வாழும், ஏற்ற இயலாத வீட்டார், வசிக்கும் ஊர்க் கோயிலில் அதைச் சேர்ப்பிக்கலாம். காவல் தெய்வங்களான முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் நட்ட வேலும் அரிவாளுமோ எந்தத் தனி வீட்டுக்கும் உரியவை அல்ல. அவை ஒரு தோட்டமே கூடி நேர்ந்தவை என்பதால், கலைந்த அக்குடும்பங்களைத் தேடிக் கேட்காமல் அவற்றுக்கு விடைகொடுக்கும் உரிமை ஒருவர்க்கும் இல்லை.