விலையும் கடப்பாடும்

ஒரு பொருளுக்குரிய விலையைச் செலுத்திய பின்னர், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் யாதேனும் கடப்பாடு எஞ்சி நிற்கின்றதா? பொருளியலாளர்க்குரியது போலத் தோன்றும் இவ்வினா உண்மையில் அறவியலின்பாற்பட்டதாகும். இதனை ஆராய்தற்குப் பெருவணிகங்களை நாடவேண்டியதில்லை. திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய தெருவொன்றில் உள்ள சிறியதொரு பழம்புத்தகக் கடையே போதுமானது.

அக்கடையின் முன்புறத்தில் அப்பியாசக் கொப்பிகளும் கடந்த கால வினாத்தாள்களும் இருக்கும். உட்புறத்துத் தட்டுகளில் முத்து, லயன், ராணி ஆகிய சித்திரக்கதை இதழ்கள் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். காசுள்ளவர் வாங்கலாம். குறைந்த காசுள்ளவர் வாடகைக்கு எடுத்துச் சென்று மறுநாள் திருப்பித் தரலாம். காசே இல்லாத பிள்ளைகள் உள்ளேயிருக்கும் நீண்ட வாங்கில் இருந்து வாசித்துவிட்டு வைத்துச் செல்லலாம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர், பாதையில் ஏறி நகருக்கு வந்தவர்கள் திரும்பும் வேளைக்காக அவ்வாங்கிலேதான் காத்திருப்பார்களாம். இதனை என் தந்தையார் கூறக் கேட்டிருக்கின்றேன். அவர் வாசிக்கப் பழகியதும் அவ்விடத்திலே. யான் பழகியதும் அவ்விடத்திலே.

சித்திரக்கதை நம் கைக்கு வந்து சேர்ந்த வழி எக்காலத்தும் எளிதாக இருந்ததில்லை. சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் அவர்கள் 1972 இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். பிரித்தானியாவின் 'வேலியன்ட்' இதழில் 1962 முதல் வெளிவந்த தொடரொன்று, 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் அதன் முதல் இதழாயிற்று. அதே காலப்பகுதியிலேதான் இலங்கையில் தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் நிலைமை மாறியது. 1984 இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. ஆயின் அதனையடுத்த போர்க்காலமோ கிழக்கிற்கான போக்குவரத்தை இடருக்குள்ளாக்கியது. இத்தனை தடைகளையும் தாண்டி ஓர் இதழ் துறைமுகத்தெருவை வந்தடைந்ததெனின், யாரோ ஒருவர் அதனைத் தேடிப் பணமும் கொடுத்து வருவித்தார் என்பதே அதன் பொருளாகும்.

இன்று அத்தேடல் வேண்டப்படுவதில்லை. பதிப்பாளரின் இணையத்தளத்திலே நூலைத் தெரிந்து பணம் செலுத்திவிடலாம். இம்மாற்றம் என்னை ஓர் அறச்சிக்கலில் நிறுத்தியமையே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம்.

கடந்த விடுமுறையின்போது, இத்தாலியில் 1948 முதல் வெளிவரும் டெக்ஸ் வில்லர் கதைகளின் தமிழ்த் தொகுதியொன்றை அக்கடையில் புரட்டிப் பார்த்தேன். அது வேறொருவருக்கென வருவிக்கப்பட்ட பிரதி. எனக்கும் ஒன்று வேண்டுமெனக் கேட்டேன். "பார்ப்பம் தம்பி, கொழும்பிலை சொல்லி எடுப்பிக்கிறன்" என்றார் கடைக்காரர். முற்பணம் எதுவும் அவர் கேட்கவில்லை. இரண்டு மாதங்கள் கழிந்தன. இதற்கிடையில், சென்னையிலிருந்து திருமணமொன்றிற்கு வரவிருந்த உறவினர் ஒருவர், அந்நூலை இணையவழி வாங்கி வருவதாகக் கூறினார். விலையும் குறைவு. யான் சம்மதித்தேன். அந்நூலைப் பையில் வைத்துக்கொண்டு கடையைக் கடந்து சென்ற அன்றைக்கே அவர் என்னை அழைத்தார். "தம்பி, உம்மட புத்தகம் வந்திட்டுது." நாளைக்கு வருகின்றேன் எனக் கூறிவிட்டு நடந்தேன். அதன் பின் எட்டு நாள்கள் மற்றைத் தெருவாலேயே போய்வந்தேன்.

யான் செய்த தவறு யாது? விடை எளிதெனத் தோன்றும்: சொன்ன சொல்லைத் தவறினேன். அது உண்மையே. ஆயின் அச்சொல்லை நான் கொடுத்திராவிடினும் மனம் உறுத்தியிருக்கும் எனவே உணர்கின்றேன். அவ்வுறுத்தலுக்கு நியாயம் உண்டா என்பதே இங்கு ஆராயற்பாலது.

கடப்பாடு எதுவுமில்லை என்போர் ஆதம் சிமித்தைத் துணைக்கழைக்கலாம். இறைச்சி விற்பவரும் பாண் சுடுபவரும் நமக்கு உணவு தருவது அருளினாலன்று, தம் நலங் கருதியே என அவர் 1776 இல் எழுதினார். அவ்வாறாயின் கடைக்காரர் தம் நலத்தை நாடினார், யான் என் நலத்தை நாடினேன். கணக்கு நேராகிவிட்டது. வாங்கில் இருந்து வாசிக்க விட்டாரே எனின், அதுவும் நாளைய வாடிக்கையாளரை உருவாக்கும் உபாயமே எனலாம்.

கடப்பாடு உண்டு என்போர் செய்ந்நன்றியை எடுத்துரைப்பர். வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே அதற்கென வகுத்தாரன்றோ? ஆயின் இவ்வாதத்தையும் அப்படியே ஏற்பதற்கில்லை. சிறுவனாகிய என்னை அவர் வாசிக்க விட்டமைக்குக் கைம்மாறு, வாழ்நாள் முழுவதும் அவரிடமே கூடிய விலைக்கு வாங்குதல் எனின், அவருடைய ஈரம் கடன் கொடுத்த முதலாகிவிடுகின்றது. அது முதலீடாயின் உதவியன்று; உதவியாயின் வாடிக்கை அதற்குக் கைம்மாறன்று. விலையுடையதற்குப் பதிலீடு உண்டு, மாண்புடையதற்குப் பதிலீடில்லை எனக் காண்ட் 1785 இல் வகுத்த வேறுபாடு இங்கு மனங்கொள்ளத்தக்கது. அவருடைய பரிவிற்கு நான் செலுத்த வேண்டியது மதிப்பும் நினைவுமேயன்றி மேலதிக ரூபாய்கள் அல்ல.

மேலும், இணையவழி விற்பனையைத் தீமையெனக் கொள்வதும் பொருந்தாது. அண்மையிற் புத்தகக் கடையே இல்லாத சிற்றூரில் வாழும் ஒரு வாசகிக்கு அது திறந்து விட்ட கதவு பெரிது. பதிப்பாளர் பக்கமும் நோக்குதல் வேண்டும். ராணி காமிக்ஸ் 2005 இல் நின்றுபோயிற்று. அருகியே வெளிவந்துகொண்டிருந்த லயன், முத்து இதழ்கள் 2012 இல் புத்துயிர் பெற்றமைக்குச் சந்தாவும் நேரடி விற்பனையுமே பெருந்துணையாயின. சிவகாசிப் பதிப்பகமும் ஒரு சிறு நிறுவனமே. அதனிடமிருந்து நேரே வாங்குபவர் ஒரு சிறியவரை விட்டு இன்னொரு சிறியவரைத் தாங்குகின்றார்.

அவ்வாறாயின் உறுத்தல் எதனாலாயது? இதற்கு விடைகாண அமெரிக்காவின் சித்திரக்கதைக் கடைகள் உதவுகின்றன. 1970களின் தொடக்கத்தில் பில் சியூலிங் என்பவர் அங்கு புதியதொரு விநியோக முறையை ஏற்படுத்தினார். பத்திரிகைக் கடைகள் விற்காத பிரதிகளைத் திருப்பியனுப்பலாம். தனிச் சித்திரக்கதைக் கடைகளோ அவ்வாறு செய்ய இயலாது. கூடிய கழிவுக்கு அவை வாங்கும். விற்காதவற்றின் நட்டத்தையும் அவையே தாங்கும். எனவே ஒரு கடைக்காரர் நமக்கு விற்பது தாளும் மையும் மாத்திரமன்று. யார் வாங்குவார் என அறியாத நிலையிலேயே ஒரு நூலைத் தெரிவுசெய்து, அதன் இடரைத் தாமே ஏற்று, நம் கண்முன் வைக்கின்றார். அவ்வாறு வைத்ததனாலன்றோ நான் அந்நூலைப் புரட்டவும் விரும்பவும் முடிந்தது?

என் தவறு இப்பொழுது தெளிவாகின்றது. அவர் ஏற்ற இடரின் பயனை நான் நுகர்ந்தேன். அதன் நட்டத்தை அவரிடமே விட்டுச் சென்றேன். இது நன்றிகேடு என்பதினும் நீதியின்மை எனலே பொருந்தும். நன்றி ஒருவர் மற்றவருக்கு அளிப்பது. நீதி ஒருவர் மற்றவரிடம் கேட்டுப் பெறத்தக்கது. அவர் கேட்கவில்லை என்பதனால் அது இல்லாமற் போய்விடாது.

ஒருவருடைய ஒரு நூலால் கடை மூடப்படுமா எனச் சிலர் வினவக்கூடும். மூடப்படாது. ஆயின் ஒவ்வொருவரும் தத்தம் நலத்தை மாத்திரம் கருதி, எவரும் விரும்பாத முடிவொன்றை எல்லோருமாகச் சேர்ந்து விளைவிப்பது உலகியற்கை. பிரான்சு இதனை உணர்ந்தே 1981 இல் நூல் விலையைச் சட்டத்தால் நிலைப்படுத்தியது. அங்கு கடைகள் ஐந்து வீதத்திற்கு மேற்பட்ட கழிவு வழங்கலாகாது. 2023 ஒக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைந்த புதுநூற் கட்டளைகளுக்கு ஆகக் குறைந்தது மூன்று யூரோ அனுப்புக்கூலி அறவிட வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. நல்லவராயிருத்தலின் செலவை ஒருவரே சுமக்காது அனைவரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இதுவாகும்.

இழக்கப்படுவது யாது என்பதையும் எண்ணுதல் தகும். மின்னூல் வடிவில் விற்கப்படும் சித்திரக்கதையைப் பெரும்பாலும் நாம் உடைமையாகப் பெறுவதில்லை. வாசிக்கும் அனுமதியையே பெறுகின்றோம். அதனை இரவல் கொடுக்கவும் பழம்புத்தகமாக விற்கவும் இயலாது. 2007 இல் தொடங்கிய கொமிக்சாலஜி, 2014 இல் அமேசன் வசமாகி, 2023 இல் தன் தனிச் செயலியையும் இழந்து கிண்டிலுள் அடங்கிற்று. வாங்கியோரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. துறைமுகத்தெருவின் ஒரு பிரதியோ நாற்பது ஆண்டுகளாகக் கைமாறிக் கைமாறிக் கிழிந்தும் ஒட்டப்பட்டும் வாழ்கின்றது. இணையத்தில் வாங்கு இல்லை. காசில்லாத பிள்ளைக்கு அங்கு இடமும் இல்லை.

ஆகவே யான் அடையும் முடிபு இது. எல்லா நூலையும் கடையிலேயே வாங்க வேண்டும் என்னும் கடப்பாடு எவர்க்கும் இல்லை. ஆயின் கடையிலே கண்டு தெரிந்த நூலைக் கடையிலேயே வாங்குதல் நீதி. வருவிக்குமாறு கேட்டதை ஏற்றல் வாய்மை. வேறிடத்தில் வாங்கியிருப்பின் அதனை மறைக்காது கூறுதல் நேர்மை. விலை குறைந்தவிடத்தை நாடுவது குற்றமன்று. அக்குறைவு யார் தலையிற் சுமத்தப்படுகின்றது எனக் கேளாதிருத்தலே குற்றம்.

ஒன்பதாம் நாள் கடைக்குச் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. அப்படியாயின் வேறு யாருக்கேனும் கொடுக்கலாம் என்றார். தொகுதியின் விலையோ அப்பகுதிப் பிள்ளைகள் எவரும் இலகுவிற் கொடுக்கக்கூடியதன்று என்பதை இருவரும் அறிவோம். முழு விலையையும் கொடுத்து நூலைப் பெற்றேன். பின்னர் அதனை வாங்கின் மேல் வைத்துவிட்டு வந்தேன். இதனை ஓர் ஈகையாகக் கூறவில்லை. கொடுக்க வேண்டியதைக் காலந்தாழ்த்திக் கொடுத்தேன், அவ்வளவே.